நாய்க்கு வாங்கிய மருந்து

இன்று காலை செவலையின் முன்னங்கால் விரலிடுக்கில் ஓர் உண்ணி தட்டுப்பட்டது. மிளகில் பாதி அளவுதான் இருக்கும். மருந்துப் பெட்டியிலிருந்து உன் இடுக்கியை எடுத்தேன். ஓவர்லாக் மெஷினுக்கு நூல் கோக்க நீ வைத்திருந்த, முனை வளைந்த இடுக்கி. தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தேன். தலையோடு முழுசாக வந்தது. ஸ்பிரிட் ஊற்றிய புட்டியில் போட்டு மூடும்போது அந்த வாடை மூக்கில் ஏறியது. உடனே நீ பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்றிவிட்டது.

நீ போய் அடுத்த மாதத்தோடு இரண்டு வருடம் ஆகிறது. இந்த இரண்டு வருடத்தில் உன்னிடம் சொல்ல எத்தனையோ சேர்ந்துவிட்டன. போன வாரம் ஒன்று நடந்தது. அதன் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பாலக்கோட்டில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பு உயரச் சுவர்தான். நீ குடிவந்தபோது உன் மகள் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். உன் வீட்டுக்காரர் ஓசூரில் வெல்டிங் பட்டறையில் இருந்தார். வாரத்துக்கு ஒருமுறை வருவார். என் வீட்டுக்காரர் தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் திரும்ப இரண்டு மூன்று நாளாகும். வீட்டில் ஆண்கள் இல்லாத நாட்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று அவர்தான் மண்டியிலிருந்து செவலையை நாய்க்குட்டியாகக் கொண்டுவந்தார். உனக்குத் துணை ஜிகினா. முதுகில் வெயில் பட்டால் மின்னுகிற அந்தப் பூனைக்குத் தையல்காரி வீட்டில் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

நாய் உரசினால் நீ கால் கழுவி, துணி மாற்றிக்கொண்டுதான் தொழுகைக்கு நிற்பாய். அதைக் குடிவந்த முதல் வாரமே என்னிடம் சொல்லிவிட்டாய், முகம் சுளிக்காமல். "உன் வூட்டு நாய் நல்லா இருக்கட்டும் செல்வி. என் தொழுகைப் பாய் பக்கம் மட்டும் வராம பாத்துக்க." சொன்னதோடு நிற்காமல், கோடையில் சுவர் ஓரமாக அதற்கென்று ஒரு சட்டியில் தண்ணீரும் வைத்தாய்.

அந்தக் கோடையில்தான் செவலை படுத்துவிட்டது. இரண்டு நாள் சோற்றை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. தண்ணீர்த் தொட்டி நிழலை விட்டு எழவில்லை. எனக்கு மெடிக்கலில் அப்போதே பதினான்கு வருட அனுபவம். எந்த மாத்திரை எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். வெயில் தாங்கவில்லை என்று நானே முடிவுகட்டி, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாயில் ஊற்றினேன். மூன்றாம் நாள் காய்ச்சல் மாத்திரையில் பாதியை உடைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீ கூப்பிட்டாய்.

"மாத்திரைய அப்புறம் குடு. மொதல்ல அது காதைப் பாரு. அப்புறம் இந்தச் சுவரைப் பாரு."

பார்த்தேன். காது மடலுக்குள் திராட்சைக் கொத்துபோல உண்ணிகள். சுவரின் வெடிப்பில் இன்னும் சின்னதாய், வரிசையாய், மேலே ஏறிக்கொண்டிருந்தன. நாள் முழுக்க ஊசிக் காதைப் பார்த்துப் பழகிய கண் உனக்கு. அதே வீட்டில் இருந்த எனக்குத் தெரியாதது சுவர் தாண்டி உனக்குத் தெரிந்தது.

கால்நடை மருத்துவமனையில் டாக்டர் ஈறைத் தூக்கிப் பார்த்தார். வெளுத்திருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உண்ணிக் காய்ச்சல் என்றார். நான்கு வாரத்துக்கு மாத்திரை எழுதினார். மனுஷர் மாத்திரை எதையும் கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல முடிந்தது உன்னால்தான். பின்கழுத்தில் விடுகிற சொட்டு மருந்தையும் எழுதிக் கொடுத்து, அதற்கு முன்னால் உடம்பில் இருக்கிற உண்ணிகளைக் கையால் எடுத்துவிடச் சொன்னார். மண்ணெண்ணெய் ஊற்றக்கூடாது, நெருப்பு காட்டக்கூடாது, நசுக்கவும் கூடாது என்றார்.

ஆயிரம் பேருக்குக் கட்டுப்போட மருந்து எடுத்துக் கொடுத்த எனக்கு அந்த வேலை மட்டும் வரவில்லை. முதல் உண்ணியைப் பிடித்ததுமே குமட்டிக்கொண்டு வந்தது. நீ உள்ளே போனாய். இரண்டு கையிலும் பிளாஸ்டிக் கவரை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டு, இடுக்கியோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தாய். செவலையின் தலையை நான் மடியில் பிடித்துக்கொள்ள, காது, கழுத்து, அக்குள், விரலிடுக்கு என்று தையல் பிரிக்கிற பொறுமையோடு ஒவ்வொன்றாக எடுத்தாய். கடையிலிருந்து நான் கொண்டுவந்த ஸ்பிரிட்டில் அவை விழுந்து மிதந்தன. எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டோம்.

முடிந்ததும் நீ போய்க் குளித்தாய். உடை மாற்றினாய். தொழுதுவிட்டு வந்து சுவரோரம் நின்றாய். எனக்காக நீ செய்யக்கூடாததைச் செய்துவிட்டாயோ என்று எனக்கு உறுத்தல். கேட்டேன்.

"ஒரு உசுரு போறதப் பாத்துக்கிட்டு சும்மா நில்லுன்னு எங்கயும் சொல்லல. கழுவிக்கத் தண்ணி இருக்குது" என்றாய்.

செவலை பிழைத்தது. ஐந்தாம் நாள் சோறு தின்றது. சுவர் வெடிப்பையெல்லாம் நாம் இரண்டு பேரும் சிமெண்ட் குழைத்து அடைத்தோம். அதுவரை எல்லாம் சரிதான். அதற்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது என்பதை இப்போது ஒளிக்காமல் எழுத முடிகிறது. தெருவில் யார் வீட்டு நாய் சொறிந்தாலும் என்னிடம் வந்து கேட்டார்கள். நானும் டாக்டர் மாதிரி பதில் சொன்னேன். மெடிக்கல் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவளுக்கு எல்லாம் தெரியும் என்று அவர்கள் நம்பினார்கள். அதை நானும் நம்பினேன்.

அந்த ஐப்பசியில் ஜிகினாவுக்குத் தெள்ளுப்பூச்சி பிடித்தது. உன் மகளின் கணுக்காலைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாய்த் தடித்திருந்தது. நீ ஜிகினாவை ஈரமான வெள்ளை லைனிங் துணியில் நிறுத்திப் பேன் சீப்பால் வாரினாய். கருப்பு மணலாய் உதிர்ந்தது. அது துணியின் ஈரத்தில் கரைந்து சிவந்தது. "பாரு, இது அழுக்கு இல்ல. ரத்தம் குடிச்ச பூச்சியோட கழிவு" என்று என்னிடம் காட்டினாய். தினம் வாரி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் உதறி, அது படுக்கிற சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்தாய். கல்யாணத்துக்குப் போய் வந்ததும் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றாய்.

கடத்தூரில் உன் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். சனிக்கிழமை காலை மகளோடு கிளம்பினாய். பூனையை என்னிடம் விட்டுவிட்டு, "தண்ணியும் மீன் தலையும் போதும் செல்வி. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். அது என் காதில் விழாமல் இல்லை.

செவலைக்கு வாங்கிய சொட்டு மருந்தில் ஒன்று மீதி இருந்தது. அட்டைப் பெட்டியை எப்போதோ கிழித்துப் போட்டிருந்தேன். சின்னக் குழல் மட்டும் டப்பாவில் கிடந்தது. பெரியவர்களுக்கு ஒரு மாத்திரை என்றால் குழந்தைக்கு அரை. கவுண்டரில் தினமும் கேட்கிற கணக்கு. செவலை பதினெட்டுக் கிலோ, ஜிகினா நான்கு கிலோ. கால்வாசி போதும் என்று நினைத்தேன். நீ என் நாய்க்குச் செய்ததற்குப் பதிலாக, நீ திரும்பி வரும்போது உன் பூனை ஒரு பூச்சிகூட இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மத்தியானம் அதன் பின்கழுத்தில் மயிரை விலக்கி மருந்தை விட்டேன்.

நான்கு மணிக்கு ஜிகினாவின் காது துடித்தது. பிறகு முகம். எச்சில் வழிந்தது. நடக்கப் பார்த்துப் பக்கவாட்டில் விழுந்தது. அதன் உடம்பு முழுக்க, உன் மெஷின் ஓடும்போது மேசை அதிருமே, அப்படி அதிர்ந்தது. செவலையைப் பார்த்த டாக்டரின் நம்பருக்குப் போன் செய்தேன். உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்பைப் போட்டு மருந்து போகக் கழுவுங்கள், துண்டில் சுற்றுங்கள், கிளம்புங்கள் என்றார். அவர் சனிக்கிழமைகளில் தருமபுரியில் இருப்பார். அப்படியே செய்துவிட்டு, தக்காளி அடுக்குகிற பிளாஸ்டிக் கிரேடு ஒன்றில் அதைக் கிடத்தி, மேலே இன்னொரு கிரேடைக் கவிழ்த்துக் கயிறு கட்டி, ஆட்டோ பிடித்தேன். வழி முழுக்கக் கம்பிபோல விறைத்த அதன் காலைச் சந்து வழியாக விரலால் தொட்டுக்கொண்டே போனேன்.

டாக்டரிடம் மறைக்கவில்லை. மறைத்தால் பூனை செத்துவிடும் என்று தெரிந்திருந்தது. என்ன மருந்து, எத்தனை சொட்டு, எத்தனை மணிக்கு என்று எல்லாம் சொன்னேன். அவர் ஊசி போட்டுக்கொண்டே சொன்னார்: "இது அளவு விஷயம் இல்லீங்க. நாய் உடம்பு இந்த மருந்தை உடைச்சு வெளிய தள்ளிடும். பூனை உடம்பால முடியாது. பெட்டியிலேயே பூனைப் படம் போட்டுக் குறுக்கே கோடு கிழிச்சிருப்பாங்களே." பிறகு, கோபம் இல்லாமல்தான், "நீங்க மெடிக்கல்ல இருக்கறவங்கதானே?" என்று கேட்டார். என் பதினான்கு வருடமும் அந்தக் கேள்வியில் கரைந்துபோனது.

உனக்குப் போன் செய்தபோது மட்டும் வாய் வேறு சொன்னது. எதையோ தின்றுவிட்டது போலிருக்கிறது என்றேன்.  உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் கேட்டாய். இருக்கிறது என்றேன்.

ராத்திரி டாக்டர் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஞாயிறு காலை ஜிகினாவை என் கையில் கொடுத்தார். நிற்கத் தள்ளாடினாலும் அதிர்வு நின்றிருந்தது. நான் வீடு வந்து சேர்ந்த சிறிது நேரத்தில் நீயும் வந்துவிட்டாய், கல்யாணப் புடவையோடு. பூனையை மடியில் போட்டுக்கொண்டு, என்ன தின்றது என்று கேட்டாய். தெரியவில்லை என்றேன். நீ யோசித்தாய். மூன்றாவது வீட்டுப் பெரியவர் போன வாரம் தேங்காய்ச் சில்லில் எலி மருந்து தடவி வைத்தது உன் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. பூனையை மகளிடம் கொடுத்துவிட்டு எழுந்தாய்.

யாரிடமும் குரல் உயர்த்தி நான் பார்க்காதவள் நீ. அன்றும் உயர்த்தவில்லை. அவர் வாசலில் நின்று, "மருந்து வெக்கறதா இருந்தா அக்கம்பக்கத்துல ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?" என்றாய். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். மனைவி போன பிறகு தனியாக இருந்தவர். பேப்பரும் கையுமாக வந்தவர், விஷயம் புரிந்ததும் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். "அன்னிக்கே எடுத்துப் பொதைச்சிட்டேனேம்மா. ஒண்ணு விட்டுப்போச்சோ என்னவோ. என்னால ஒரு வாயில்லாத ஜீவன்..." என்றார். எதிர்வீட்டில், பக்கத்துவீட்டில் எல்லாம் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அவர் செய்யாத தப்பை அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"அவரு இல்ல" என்றேன். "நான்தான். செவலைக்கு வாங்கின மருந்தை ஜிகினாவுக்குப் போட்டேன். உன்கிட்ட பொய் சொன்னேன்."

நீ திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. பெரியவரிடம் "மன்னிச்சிக்குங்க" என்றாய். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய்.

பத்தொன்பது நாள். உன் மெஷின் சத்தம் மட்டும் கேட்கும். துணி காயப்போட வந்தாலும் என் பக்கம் திரும்பமாட்டாய். செவலையின் சட்டியில் தண்ணீர் மட்டும் எப்போதும்போல நிறைந்திருந்தது. சுவருக்கு மேல் ஜிகினாவின் வால் ஆடிக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு வந்தது.

இருபதாம் நாள் நீ மெடிக்கலுக்கு வந்தாய். எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். உன் முறை வரும்வரை காத்திருந்து, யாரோ மாதிரி கேட்டாய்: "பூனைக்குத் தெள்ளுப்பூச்சி. என்ன போடலாம்?"

எத்தனையோ பதில் நாக்கில் வந்தது. "எனக்குத் தெரியல. டாக்டரைக் கேட்டுத்தான் சொல்லணும்" என்றேன்.

"வா, ரெண்டு பேரும் போய்க் கேக்கலாம்" என்றாய்.

அங்கிருந்துதான் நம் நட்பு உறுதியானது என்று நான் நினைக்கிறேன். அதற்கு முன்னால் இருந்தது அக்கம்பக்கத்துப் பழக்கம். டாக்டர் ஜிகினாவை எடைபோட்டுப் பூனைக்கென்றே இருக்கிற சொட்டு மருந்தைக் கொடுத்தார். செவலைக்கும் அதே நாளில் போட வேண்டும், இல்லாவிட்டால் அதிலிருந்து இதற்கும் இதிலிருந்து அதற்கும் தாவிக்கொண்டே இருக்கும் என்றார். நீ வீட்டுக்கு வந்ததும் இரண்டு பை தைத்தாய். ஒன்றில் சிவப்பு நூலால் 'நாய்', இன்னொன்றில் பச்சை நூலால் 'பூனை'. பெட்டியைக் கிழிக்காமல் அப்படியே அதற்குள் வைக்க வேண்டும் என்பது உன் சட்டம். மாதப் பிறப்பு அன்று உன் வீட்டுச் சாக்கும் என் வீட்டுச் சாக்கும் ஒரே கொடியில் காய்ந்தன. அடுத்த கோடையில் எந்த வெடிப்பிலும் ஒன்றும் ஏறவில்லை.

பிறகு உனக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸுக்காகத் தருமபுரிக்குப் போய் வந்தாய். அந்த நாட்களைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. உனக்கே அது பிடிக்காது. கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, ஜிகினாவைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாய். "நீயே வெச்சிக்க" என்றாய். அவ்வளவுதான். ஏன் என்னிடம் என்று நான் கேட்கவில்லை. உன் நாத்தனார் வீடு இருந்தது, ஓசூரில் உன் வீட்டுக்காரர் இருந்தார். பூனையைக் கிட்டத்தட்டக் கொன்றவளிடமே அதை ஏன் கொடுத்தாய் என்ற கேள்வி மட்டும் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

இப்போது இரண்டும் என் வீட்டில்தான். ஜிகினாவுக்கு வயதாகிவிட்டது, செவலையின் வயிற்றில் சாய்ந்துகொண்டுதான் தூங்குகிறது. அதனால் செவலைக்குச் சொட்டு மருந்தே வேண்டாம், வாயில் கொடுக்கிற மாத்திரை போதும் என்று டாக்டர் மாற்றிவிட்டார். நாயின் தோலில் இருப்பதைப் பூனை நக்கிவிடக்கூடாது அல்லவா. தினம் காலையில் காதும் விரலிடுக்கும் பார்க்கிறேன். இப்போது குமட்டுவதில்லை. கடையில் யாராவது மீதி மருந்தோடு வந்து இதைப் பூனைக்குப் போடலாமா என்று கேட்டால், கூடாது என்று உறுதியாகச் சொல்கிறேன். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றும் அதே உறுதியோடு சொல்கிறேன். அதனால் என்னிடம் வருகிறவர்கள் குறையவில்லை, கூடியிருக்கிறார்கள்.

போன வாரம் உன் மகள் ஓசூரிலிருந்து போன் செய்தாள். வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள், உனக்குத் தெரியுமா? தங்கியிருக்கிற இடத்தில் ஒரு பூனைக்குட்டி கிடைத்ததாம். உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி. கடையில் ஏதோ மருந்து கொடுத்திருக்கிறார்கள், போடட்டுமா என்று கேட்டாள். வயதைக் கேட்டேன். ஆறு வாரம் இருக்கும் என்றாள். எதையும் போடாதே, பேன் சீப்பால் வாரி, துணியால் சூடாகச் சுற்றி வை, நாளைக் காலையில் அங்கே இருக்கிற டாக்டரிடம் எடையைப் பார்க்கச் சொல் என்றேன். சரி என்றவள், போனை வைக்கவில்லை.

"ஆன்ட்டி, அன்னிக்குக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள வந்ததும் அம்மா என்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா?"

தெரியாது என்றேன். கேட்க எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

"'செல்வி வாயத் தொறக்கலன்னா எனக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது. ஊரே பாக்கறப்ப வந்து சொன்னா. எனக்குக் கோவம் ஆறணும், அது ஆற வரைக்கும் ஆறட்டும். ஆனா நான் இல்லாதப்ப ஜிகினாவ யாருகிட்டயாவது விடணும்னா, அவகிட்டதான் விடணும்.' இதத்தான் ஆன்ட்டி, அம்மா சொன்னாங்க."

அந்தப் பத்தொன்பது நாளும் நீ என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறாய் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். முடிவை முதல் நாளே எடுத்துவிட்டிருக்கிறாய். பிறகு வந்ததெல்லாம் கோபம் தன் போக்கில் ஆறிய நாட்கள். இதை ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம் நீ. சொல்லாததும் சரிதான். சொல்லியிருந்தால் அன்றைக்கு எனக்கு அந்த உறுத்தல் சீக்கிரமே ஆறியிருக்கும். ஆறியிருந்தால் கற்றுக்கொண்டிருக்க மாட்டேன்.

உன் மகளுக்கு அடுத்த மாதம் பத்து நாள் பெங்களூரில் பயிற்சியாம். குட்டியை யாரிடம் விடுவது என்று கேட்டாள். என்னிடம் கொண்டுவா என்றேன். "அதுக்குத்தான் ஆன்ட்டி போன் பண்ணேன்" என்றாள்.